சட்டம் வந்த வழி – 17: டோக்கியோ சுற்றி வந்த வாக்கியம்

சென்ற இதழில் 1931 கராச்சித் தீர்மானத்தோடு நிறுத்தினோம். இந்த முறை 16 ஆண்டுகளை ஒரே தாண்டாகத் தாண்டுகிறேன். விட்டுப்போனதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இப்போது எனக்கு வேண்டியவை இரண்டுதான். 1947 அக்டோபரில் டெல்லியிலிருந்து கிளம்பிய ஒரு மனிதர். அவர் கையோடு கொண்டுபோன ஒரு வரைவு.

மனிதர் பெனகல் நரசிங்க ராவ். பி.என். ராவ் என்றால் பழைய வக்கீல்களுக்குச் சட்டென்று தெரியும். 1887இல் மங்களூரில் பிறந்தவர்; அன்றைக்கு அது சென்னை மாகாணத்து ஊர். மெட்ரிகுலேஷனில் மாகாணத்திலேயே முதலாவதாகத் தேறி, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, கேம்பிரிட்ஜ் போய், ஐ.சி.எஸ். ஆகி, வங்காளத்தில் உத்தியோகம் பார்த்தார். கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதியாகவும் காஷ்மீர் சமஸ்தானத்தின் பிரதம மந்திரியாகவும் இருந்திருக்கிறார். 1946 ஜூலையில் அரசியல் நிர்ணய சபையின் ஆலோசகரானார். சபையில் அவர் உறுப்பினர் இல்லை. ஓட்டும் இல்லை. சம்பளம்கூட வாங்காமல் கௌரவப் பணியாகவே செய்தார்.

இப்படிப்பட்டவர்களை வரலாறு சுலபமாக மறந்துவிடும். ராவின் விஷயத்தில் அப்படி முழுதாக நடக்காததற்கு அவருடைய தம்பி சிவ ராவ் காரணம். அரசியலமைப்பு உருவான காலத்துக் குறிப்புகள், கடிதங்கள், கமிட்டி அறிக்கைகள் அத்தனையையும் அவர் பின்னாளில் தொகுதி தொகுதியாகப் பதிப்பித்தார். அவை இல்லையென்றால் நானும் இந்த அத்தியாயத்தை எழுதியிருக்க முடியாது.

ராவின் வேலை முறை விசித்திரமானது. உலக நாடுகளின் அரசியலமைப்புகளைப் பிரித்து, எந்தெந்தப் பொருளுக்கு எந்தெந்த நாடு என்ன எழுதி வைத்திருக்கிறது என்று வரிசைப்படுத்தி, மூன்று தொகுதிகளாக அச்சிட்டு உறுப்பினர்கள் கையில் கொடுத்தார். ஜனாதிபதி பற்றிப் பேசவேண்டுமா? அமெரிக்காவில் இப்படி, அயர்லாந்தில் இப்படி. மேலவை பற்றியா? கனடாவில் இப்படி, ஆஸ்திரேலியாவில் இப்படி. சிறை மெத்தையிலும் பொதுக்கூட்ட மேடையிலும் அரசியல் படித்த பலருக்கு அயல்நாட்டுச் சட்டம் முதன்முதலில் மேஜைக்கு வந்தது இந்தத் தொகுதிகள் வழியாகத்தான்.

1947 அக்டோபரில் அவர் எழுதிய வரைவு தயாரானது. அதை அம்பேத்கர் தலைமையிலான வரைவுக் குழுவின் கையில் கொடுத்த கையோடு அமெரிக்கா, கனடா, அயர்லாந்து, பிரிட்டன் என்று ஒரு சுற்றுப் புறப்பட்டார். புத்தகத்தில் இருக்கும் சட்டம் ஊரில் எப்படி ஓடுகிறது என்று, ஓட்டியவர்களிடமே கேட்டுவரும் பயணம். நல்ல யோசனை, ஐயமே இல்லை. ஓட்டியவர்கள் சொல்வது எப்போதும் அவரவர் பட்ட அடியைத்தான் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். டப்ளினில் டி வலேராவிடம் கேட்டபோது, மறுபடி எழுதுவதானால் விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தை எடுத்துவிடுவேன் என்றார் அவர். அமெரிக்காவில் லேர்னட் ஹாண்ட் என்ற நீதிபதி, அடிப்படை உரிமைகளைச் சட்ட விலங்காக எழுதுவதைவிட அறநெறியாக எழுதி வைப்பதே மேல் என்றார். இவையெல்லாம் ராவின் அறிக்கையில் இருக்கின்றன. பெரும்பாலும் காகிதத்தோடு நின்றுபோயின.

நின்றுபோகாமல் நம் வீட்டு வாசல் வரை வந்தது, வாஷிங்டனில் ஃபெலிக்ஸ் ஃபிராங்ஃபர்ட்டர் சொன்ன வார்த்தை.

ஃபிராங்ஃபர்ட்டர் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி. அவர் என்ன சொன்னார் என்பதற்கு முன், எதனால் சொன்னார் என்று பார்த்துவிடுவோம். அதற்குக் கொஞ்சம் பின்னால் போய் ஒரு ரொட்டிக்கடைக்குள் நுழைய வேண்டும்.

அமெரிக்க அரசியலமைப்பில் ‘டியூ பிராசஸ்’ என்றொரு தொடர் உண்டு. நம் கோர்ட்டுகளிலும் வக்கீல்கள் அதை அப்படியே சொல்வதால் நானும் அப்படியே எழுதுகிறேன். உயிரையோ சுதந்திரத்தையோ சொத்தையோ, முறையான சட்ட நெறிப்படி அல்லாமல் யாரிடமிருந்தும் பறிக்கக்கூடாது என்பது அதன் சாரம். 1791இல் ஐந்தாம் திருத்தத்தில் மத்திய அரசுக்காக வந்தது. அடிமை முறை ஒழிந்தபின், 1868இல் 14ஆம் திருத்தத்தில் மாநிலங்களுக்காக மறுபடி வந்தது. அதிகாரம் ஒருவன்மேல் கைவைக்கும் முன் அவனுக்குச் சொல்ல வேண்டும், அவன் சொல்வதைக் கேட்க வேண்டும், நடுநிலையான ஒருவர் தீர்ப்புச் சொல்ல வேண்டும். சாதாரணமாகப் படித்தால் இவ்வளவுதான்.

ஆனால் ‘முறையான’ என்ற சொல்லுக்குள் நீதிபதிகள் வேறொன்றையும் கண்டுபிடித்தார்கள். நியூயார்க் மாநிலம் ரொட்டிக்கடைத் தொழிலாளர்களை நாளுக்கு 10 மணி நேரத்துக்கும் வாரத்துக்கு 60 மணி நேரத்துக்கும் மேல் வேலை வாங்கக்கூடாது என்று சட்டம் போட்டது. மாவுத் தூசியும் அடுப்பு வெக்கையும் நிறைந்த நிலவறைகளில் நடந்த வேலை அது. லாக்னர் என்ற கடைக்காரருக்கு 50 டாலர் அபராதம் விழுந்தது. அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1905இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நீதிமன்றம் சட்டத்தையே தள்ளுபடி செய்தது. எத்தனை மணி நேரம் உழைப்பது என்று முதலாளியோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்வது தொழிலாளியின் ‘சுதந்திரம்’. அதில் அரசு தலையிடுவது முறையல்ல என்று தீர்ப்பு. இராப்பகலாக மாவு பிசைவதற்கும் ஒரு சுதந்திரம் என்று பெயர் வைத்தார்கள்.

1923இல் இன்னொரு வழக்கு. வாஷிங்டனில் பெண்களுக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்த சட்டம் செல்லுமா என்பது கேள்வி. சட்டத்துக்காக எழுந்து வாதாடியவர் ஹார்வர்டு பேராசிரியர் ஒருவர். தோற்றார். காரணம் அதே டியூ பிராசஸ். அந்தப் பேராசிரியர்தான் ஃபெலிக்ஸ் ஃபிராங்ஃபர்ட்டர்.

பிறகு 1930களின் பெருமந்தம் வந்தது. ரூஸ்வெல்ட் கொண்டுவந்த சீர்திருத்தச் சட்டங்களை அதே நீதிமன்றம் ஒவ்வொன்றாக வெட்டியது. நீதிபதிகளின் எண்ணிக்கையைக் கூட்டி அவர்களை மடக்க ரூஸ்வெல்ட் முயன்று பார்த்தார். 1937இல் நீதிமன்றம் தானே வழிக்கு வந்து, குறைந்தபட்சக் கூலி செல்லும் என்றது. இரண்டு ஆண்டு கழித்து ஃபிராங்ஃபர்ட்டரை ரூஸ்வெல்ட் அதே நீதிமன்றத்தில் உட்கார வைத்தார்.

இப்படிச் சூடுபட்ட மனிதரிடம் போய் ராவ் டியூ பிராசஸ் பற்றிக் கேட்டார். மக்கள் தேர்ந்தெடுத்த சபை செய்த சட்டத்தை விரல்விட்டு எண்ணக்கூடிய நீதிபதிகள் ரத்துசெய்ய அது வழிவிடுகிறது, இது ஜனநாயகத்துக்கு ஒவ்வாது, நீதிபதிகள் தலையிலும் தகாத சுமையை ஏற்றுகிறது என்று அவர் சொன்னதாக ராவின் அறிக்கை கூறுகிறது. அவருடைய அனுபவத்தில் அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை.

ராவும் வெறும் மனத்தோடு போகவில்லை. ஜமீன் ஒழிப்பு ஒவ்வொரு மாகாணத்திலும் வாசலில் நின்றிருந்த காலம் அது. 1947 ஏப்ரலிலேயே ஆலோசனைக் குழுவில் கோவிந்த வல்லப பந்த் முதலானோர், இந்தத் தொடரை வைத்துக்கொண்டு நிலச் சீர்திருத்தத்தைக் கோர்ட்டில் கட்டிப்போட்டுவிடுவார்களே என்று அஞ்சினார்கள். அந்த அச்சத்துக்கு அப்போதே மருந்தும் கொடுத்தாயிற்று: சொத்துரிமையைத் தனியாகப் பிரித்து வேறு விதியில் போட்டுவிட்டார்கள். உயிர், சுதந்திரம் இரண்டுக்கு மட்டும் டியூ பிராசஸ் காவல் என்று 1947 ஏப்ரல் 30 அன்று சபையே ஏற்றுக்கொண்டது.

லாக்னர் வழக்கு சொத்தில் எழவில்லை, ‘சுதந்திரம்’ என்ற சொல்லில் எழுந்தது என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் வரைவுக் குழு அதற்கும் தாழ்ப்பாள் போட்டது. வெறும் சுதந்திரம் என்பதற்கு முன்னால் ‘தனிமனித’ என்று ஓர் அடைமொழியைச் சேர்த்தது. ஒப்பந்தம் செய்யும் சுதந்திரம், வியாபாரம் செய்யும் சுதந்திரம் எதுவும் இனி அந்தக் கதவு வழியாக நுழைய முடியாது. எஞ்சியது உடம்பு மட்டுமே: ஒருவனைப் பிடித்துச் சிறையில் அடைப்பது பற்றிய கேள்வி. ரொட்டிக்கடை முதலாளிக்கு இதில் வேலையே இல்லை.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம் என்பது என் எண்ணம். நிறுத்தவில்லை. 1948 ஜனவரியில் வரைவுக் குழு டியூ பிராசஸை அடித்துவிட்டு, அந்த இடத்தில் ‘சட்டம் வகுத்த நடைமுறைப்படி அல்லாமல்’ என்று எழுதியது. பிப்ரவரியில் அச்சான வரைவில் அதற்கு ஓர் அடிக்குறிப்பு: இந்தச் சொற்கள் இன்னும் திட்டவட்டமானவை; 1946ஆம் ஆண்டு ஜப்பானிய அரசியலமைப்பின் 31ஆம் பிரிவை ஒப்பிட்டுக்கொள்க.

ஜப்பான் எங்கிருந்து வந்தது?

போரில் தோற்ற ஜப்பானில் அன்று ஆட்சி ஜெனரல் மெக்ஆர்தர் கையில். ஜப்பானியர் எழுதிய வரைவு பிடிக்காமல், 1946 பிப்ரவரியில் டோக்கியோவில் தம் தலைமையகத்து அதிகாரிகளைக் கூட்டி, சுமார் ஒரு வாரத்தில் புது அரசியலமைப்பு ஒன்றை எழுத வைத்தார். முன்னின்று நடத்தியவர்களில் முக்கியமானவர் சார்ல்ஸ் கேடஸ். ரூஸ்வெல்ட் அரசில் வேலை பார்த்த வக்கீல். ஆக, இன்று நம் 21ஆம் பிரிவாக இருக்கும் அந்த விதியின் கடைசிச் சொற்கள் ஜப்பானிய முத்திரை குத்தி வந்த அமெரிக்கச் சரக்கு. அமெரிக்காவை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு, டோக்கியோ சுற்றி அமெரிக்காவையே கொண்டுவந்து சேர்த்தோம். எனக்கு இது எத்தனை முறை படித்தாலும் சிரிப்பு வரும் இடம்.

சிரிப்பு அடங்கினால் உறுத்தும் இடமும் இதுதான். ஜப்பானிய 31ஆம் பிரிவு தனியாக நிற்கவில்லை. 32ஆம் பிரிவு யாருக்கும் நீதிமன்றத்தை அணுகும் உரிமையை மறுக்கக்கூடாது என்கிறது. 33 கைதுக்கு வாரண்ட் கேட்கிறது. 34 காரணம் உடனே சொல்லப்படாமலும் வக்கீல் இல்லாமலும் யாரையும் அடைக்கக்கூடாது என்கிறது. கேட்டால் அந்தக் காரணத்தைத் திறந்த நீதிமன்றத்தில் காட்ட வேண்டும் என்றும் சேர்க்கிறது. 35 வீட்டைச் சோதனை போடுவது பற்றி. 37 விரைவான, பகிரங்கமான விசாரணை பற்றி. சுற்றிலும் இத்தனை முட்டுக்கால் இருப்பதால் 31ஆம் பிரிவு சுருக்கமாக இருந்துவிட முடிந்தது. நாம் நடு மரத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு வந்தோம்.

இதை அன்றே ஒருவர் கண்டுபிடித்துச் சொன்னார். 1948 டிசம்பர் 6. சென்னை மாகாணத்திலிருந்து வந்த உறுப்பினர் மகபூப் அலி பெய்க் சாகிப் எழுந்தார். ஜப்பானைக் காட்டுகிறீர்களே, அதன் 32, 34, 35ஆம் பிரிவுகளையும் சேர்த்து எழுதியிருந்தால் தனிமனித சுதந்திரத்துக்கு முழுப் பாதுகாப்புக் கிடைத்திருக்கும், அவற்றை வசதியாக விட்டுவிட்டீர்கள் என்றார். அயல்நாட்டுச் சட்டத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்கு அந்தச் சபையில் நடந்த மிகச் சிறந்த பாடம் அதுவென்று நான் நினைக்கிறேன். ஆனால் அவர் சின்னக் கட்சிக்காரர். பேச்சு அச்சேறியது, கணக்கில் ஏறவில்லை.

அன்றைய விவாதம் முழுதுமே படிக்கத் தக்கது. காஜி சையத் கரிமுதீன் டியூ பிராசஸை மீண்டும் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தார். கே.எம். முன்ஷி வரைவுக் குழுவில் தாமே உறுப்பினராக இருந்தும் திருத்தத்தை ஆதரித்தார். ‘தனிமனித’ என்ற அடைமொழி இருக்கும்போது ஒப்பந்த சுதந்திரம் பற்றிய அமெரிக்கப் பயம் இங்கே எதற்கு என்பது அவர் வாதம். எதிர்ப் பக்கத்தில் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர்.

அல்லாடியைப் பற்றிச் சென்னைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நெல்லூர்ப் பக்கத்து கிராமத்தில் பிறந்து, 1929 முதல் 1944 வரை இந்த மாகாணத்தின் அட்வகேட் ஜெனரலாக இருந்தவர். அமெரிக்கத் தீர்ப்புகள் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அந்தத் தொடரின் பொருள் அமெரிக்காவிலேயே நிலையாக நின்றதில்லை, நீதிபதிக்கு நீதிபதி, காலத்துக்குக் காலம் மாறியது, சமூகச் சட்டங்களுக்குக் குறுக்கே விழும் என்றார். அவர் சொன்னவற்றில் பிழை காண்பது கஷ்டம். ஆனால் அவர் காட்டியவை கூலி, வேலைநேரம் பற்றிய வழக்குகள்; சபை பேசிக்கொண்டிருந்தது சிறைக் கதவைப் பற்றி.

ஒரு வாரம் கழித்து, டிசம்பர் 13 அன்று அம்பேத்கர் பதில் சொன்னார். எந்தக் கேள்விக்கும் அறுத்துப் பேசும் அம்பேத்கர் அன்று அப்படிப் பேசவில்லை. கட்சிப் பெரும்பான்மை நிறைந்த சட்டசபை உரிமைகளை மிதிக்கலாம். ஐந்தாறு நீதிபதிகள் தங்கள் விருப்பு வெறுப்பை வைத்து நல்ல சட்டத்தைக் கொல்லவும் செய்யலாம். இரண்டு பக்கமும் பயம் இருக்கிறது, சபையே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டார். சபை திருத்தங்களைத் தள்ளியது.

ஆனால் அவருக்கு அது உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. 1949 செப்டம்பர் 15 அன்று புதிதாக ஒரு விதியைக் கொண்டுவந்தார். இன்றைய 22ஆம் பிரிவு அதுதான். கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும், வக்கீல் வைத்துக்கொள்ள விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். முன்பு செய்ததற்கு இது ஒரு ஈடு என்று அவரே சொன்னார். எடுத்த இடத்தில் வைக்கவில்லை. பக்கத்தில் வேறொன்றை வைத்தார். வைத்ததிலும் ஒரு பிளவு: தடுப்புக் காவலில் இருப்பவனுக்கு மேற்சொன்ன வக்கீலும் கிடையாது, 24 மணி நேரமும் கிடையாது. காவலைப் பரிசீலிக்கும் அறிவுரைக் கழகம் பார்க்காமலே மூன்று மாதம் வரை அடைத்து வைக்கலாம். உரிமையைத் தரும் பிரிவிலேயே விசாரணையில்லாச் சிறைக்கும் இடம் ஒதுக்கிக் கொடுத்தாயிற்று. 1919இல் ரௌலட் சட்டத்தை எதிர்த்துக் கடையடைத்த கட்சிதான் சபையில் பெரும்பான்மை என்பதை ஞாபகப்படுத்த வேண்டியதில்லை.

அதற்காக அவர்களை வேஷதாரிகள் என்று சொல்லிவிடவும் என்னால் முடியாது. பிரிவினை ரத்தம் காயவில்லை. காந்தி சுடப்பட்டு இரண்டு வருஷம் ஆகவில்லை. தெலங்கானாவில் ஆயுதப் போராட்டம். ஃபிராங்ஃபர்ட்டரின் சொல் இல்லாவிட்டாலும் உள்துறைக்காரர்கள் ஏதாவது ஒரு வழியில் தடுப்புக் காவலுக்கு இடம் பண்ணியிருப்பார்கள். அயல்நாட்டு அனுபவம் பல சமயம் காரணமாக வருவதில்லை, சாக்காக வருகிறது. இந்த விஷயத்தில் இரண்டும் கலந்திருந்தது.

இனி கதை நம் பக்கமே வருகிறது.

1950 ஜனவரி 26இல் குடியரசு. பிப்ரவரி 11 அன்று சேலம் சிறையில் கம்யூனிஸ்ட் கைதிகள்மீது துப்பாக்கிச் சூடு. 22 பேர் இறந்தார்கள். அதே மாதக் கடைசியில் படேல் தடுப்புக் காவல் சட்டத்தைப் பார்லிமெண்டில் நிறைவேற்றினார். மார்ச் 1 அன்று அந்தச் சட்டத்தின் கீழ் ஓர் உத்தரவு, ஏற்கெனவே சிறையில் இருந்த ஒருவர் கையில் கொடுக்கப்பட்டது. அவர் ஏ.கே. கோபாலன். மலபாரின் கம்யூனிஸ்ட் தலைவர். மலபார் அன்று சென்னை ராஜ்யத்தில். 1947 ஆகஸ்ட் 15 அன்றே கண்ணூர்ச் சிறையில் இருந்தவர். வெளியே வந்த சில வாரங்களில், அந்த டிசம்பரிலேயே, மறுபடி பிடிபட்டு உள்ளேயே இருந்தார்.

அவருக்காக எம்.கே. நம்பியார் உச்ச நீதிமன்றம் போனார். நீதிமன்றத்துக்கு அப்போது சொந்தக் கட்டடம்கூட இல்லை. பார்லிமெண்ட் கட்டடத்தில் மன்னர்கள் சபை கூடிய மண்டபத்தில் நடந்தது. சென்னை அரசுக்கு அட்வகேட் ஜெனரல் கே. ராஜா ஐயர், மத்திய அரசுக்கு சீதல்வாட். ஆறு நீதிபதிகள். அவர்களில் பதஞ்சலி சாஸ்திரி சென்னையிலிருந்து போனவர்.

நம்பியாரின் வாதம் எளிமையானது. ‘சட்டம் வகுத்த நடைமுறை’ என்பதில் சட்டம் என்றால் பார்லிமெண்ட் எழுதி நிறைவேற்றிய எதுவும் என்று பொருளா? அப்படியானால் கைதியை விசாரிக்கவே வேண்டாம் என்று ஒரு சட்டம் போட்டால் அதுவும் ‘நடைமுறை’ ஆகிவிடுமே? அடிப்படை உரிமை என்ற பெயர் எதற்கு? சட்டம் என்பதற்குள் இயற்கை நீதி அடங்கியிருக்கிறது என்றார். 1950 மே 19 அன்று பெரும்பான்மைத் தீர்ப்பு: பார்லிமெண்ட் எழுதியதே சட்டம். வரைவுக் குழு டியூ பிராசஸை வேண்டுமென்றே விட்டுவிட்டதைத் தலைமை நீதிபதி கானியா சுட்டிக்காட்டினார். வாஷிங்டனில் ஒரு நீதிபதி கூலி வழக்குகளை நினைத்துச் சொன்ன அறிவுரை, இரண்டரை ஆண்டில், விசாரணையில்லாமல் அடைபட்ட ஒருவரின் மனுவுக்கு எதிரான ஆதாரமாக வந்து நின்றது.

ஃபசல் அலி மட்டும் முழுதாக வேறுபட்டார். நடைமுறை என்றால் குறைந்தது நான்கு வேண்டும் என்றார்: அறிவிப்பு, சொல்வதைக் கேட்பது, நடுநிலையான மன்றம், ஒழுங்கான விசாரணை முறை. ஆறு பேரும் ஒத்துப்போனது ஒரு சின்ன விஷயத்தில். தன்னை எதற்காக அடைத்தார்கள் என்ற காரணத்தைக் கைதி நீதிமன்றத்திடமே சொல்லக்கூடாது என்று அந்தச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. அதை மட்டும் ரத்து செய்தார்கள். கோபாலன் உள்ளேயே இருந்தார். 1952இல் கண்ணூர்த் தொகுதியிலிருந்து முதல் மக்களவைக்குத் தேர்வானார்.

டோக்கியோவில் அந்த வாக்கியம் என்ன ஆனது? கடத்தல் வழக்கு ஒன்றில் கப்பலோடு பிடிபட்ட சரக்கு வேறொருவருடையது. சொந்தக்காரருக்கு அறிவிக்காமல், அவர் பேச வாய்ப்புத் தராமல் பறிமுதல் செய்தது 31ஆம் பிரிவுக்கு விரோதம் என்று ஜப்பானிய உச்ச நீதிமன்றம் 1962 நவம்பரில் தீர்ப்பளித்தது. நம்மவர்கள் அதில் இல்லை என்று சொன்ன டியூ பிராசஸை, சொந்த ஊரில் அதே சொற்களுக்குள் இருப்பதாகக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

நாம் அங்கே போய்ச் சேர இன்னும் 16 ஆண்டு ஆயிற்று. இடையில் நெருக்கடி நிலை. 1976 ஏப்ரலில், அடைக்கப்பட்டவர்கள் ஆட்கொணர்வு மனுவே போட முடியாது என்று நாலு நீதிபதிகள் சொல்ல, எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் மறுத்த தீர்ப்பு. அதற்குத் தனி அத்தியாயம் உண்டு. 1977இல் மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டைப் பறித்து, பொதுநலன் கருதிக் காரணம் சொல்ல முடியாது என்றது ஜனதா அரசு. 1978 ஜனவரி 25 அன்று ஏழு நீதிபதிகள் அமர்வு, நடைமுறை என்று ஏதோ ஒன்று இருந்தால் போதாது, அது நியாயமாகவும் நேர்மையாகவும் இருக்க வேண்டும் என்றது. ஃபசல் அலியின் பக்கம் 28 ஆண்டுக்குப் பிறகு ஜெயித்தது.

அதே ஆண்டு ஒரு சிறைக் கைதியின் வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர், நம் அரசியலமைப்பில் டியூ பிராசஸ் என்ற சொல் இல்லாவிட்டாலும் விளைவு ஒன்றுதான் என்று வெளிப்படையாகவே எழுதினார். 1948இல் தலச்சேரி வக்கீலாக இருந்தபோது, கம்யூனிஸ்டுகளுக்கு வக்காலத்து வாங்கியதற்காக இதே சென்னை மாகாணத்துச் சிறையில் ஒரு மாதம் இருந்தவர் அவர். சொல்லின் எடை அவருக்குத் தெரியும்.

கனடாக்காரர்களும் இதே பாதையில் நடந்து பார்த்தார்கள் என்பது ஓர் ஆறுதல். 1982 சாசனத்தில் டியூ பிராசஸைத் தவிர்க்கவே ‘அடிப்படை நீதியின் கொள்கைகள்’ என்று வேறு சொல் போட்டார்கள். மூன்றே ஆண்டில் அவர்களுடைய உச்ச நீதிமன்றம் அந்தச் சொல்லுக்குள்ளும் நடைமுறைக்கு அப்பாற்பட்ட பொருளைக் கண்டெடுத்துவிட்டது.

ராவைப் பற்றி ஒரு வார்த்தை. ஐ.நா. பாதுகாப்பு சபையில் இந்தியாவுக்காக உட்கார்ந்தார். ஹேக் சர்வதேச நீதிமன்ற நீதிபதியானார். 1953 நவம்பரில் ஜூரிச்சில் இறந்தார். கோபாலன் தீர்ப்பை அவர் பார்த்தார், மேனகா தீர்ப்பைப் பார்க்கவில்லை. அவர் கேட்டுவந்ததைக் கேட்டபடியே எழுதிக் கொடுத்தார். கேட்கப்பட்டவரின் பழைய வழக்கு என்ன என்று சபையில் யாராவது ஒருவர் கேட்டிருக்கலாம்.

21ஆம் பிரிவின் கதை மேனகாவோடு நல்லபடியாக முடிந்தது என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். 22ஆம் பிரிவு அப்படியே இருக்கிறது. நம் ஊரில் ‘குண்டாஸ் போட்டுட்டாங்க’ என்று சாதாரணமாகச் சொல்கிறோமே, 1982ஆம் ஆண்டின் அந்த 14ஆம் எண் தமிழ்நாட்டுச் சட்டம் நிற்பது அதன் மேல்தான். அறிவுரைக் கழகத்தின் முன் கைதிக்காக வக்கீல் நிற்க உரிமை இல்லை என்பதும் அதிலிருந்து வருவதுதான். 1978இல் நிறைவேறிய 44ஆவது திருத்தம், கழகம் பார்க்காமல் அடைத்து வைக்கும் மூன்று மாதத்தை இரண்டாகக் குறைத்தது. அந்தப் பிரிவு நடைமுறைக்கு வரும் தேதியை மத்திய அரசு அறிவிக்க வேண்டும். எத்தனையோ அரசுகள் வந்து போயின. தேதி இன்னும் அறிவிக்கப்படவில்லை.

(தொடரும்)